கேஸ் போடுவதற்கு முன்...

மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்



ஆண்டு மலருக்குக் கவிதை எழுதிக் கொடுக்க நம் கல்லூரியில் ஆளுக்குப் பஞ்சமில்லை. எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது பிக்கப் வண்டி. அதன் ஏ.சி.யும் ஹீட்டரும் கெட்டுப் போனால் எங்கே ஆரம்பித்து எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன். "இது ஆட்டோமொபைல்காரன் கட்டுரை" என்று மற்ற பிரிவு நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் பாதி வேலை எலக்ட்ரிக்கல், மீதியில் பாதி பிளம்பிங்!

எங்கள் ஊர் மேட்டுப்பாளையம். அப்பா ஊட்டியிலிருந்து காரட், உருளைக்கிழங்கு ஏற்றி இறக்கும் பிக்கப் ஓட்டுகிறார். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். மார்கழி, தை மாதங்களில் மேலே புல்வெளியெல்லாம் உறைபனி. விடியற்காலையில் லோடு ஏற்றும்போது விரல் மடங்காது. அதே வண்டி பகல் 11 மணிக்கு மண்டி வாசலில் வரிசையில் நிற்கும்போது உள்ளே உட்கார முடியாது. ஒரே நாளில் ஹீட்டரும் வேண்டும், ஏ.சி.யும் வேண்டும். எனவே இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க இதைவிட நல்ல வண்டி கிடையாது.

டிரைவர் கேபினில் ஏ.சி. என்பது சொகுசா என்று சிலர் கேட்கிறார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும் என்-2, என்-3 வகை சரக்கு லாரிகளில், அதாவது மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றில், கேபின் ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. நம்முடைய சின்னப் பிக்கப்கள் 3.5 டன்னுக்குள் அடங்குவதால் அந்த விதி இவற்றுக்குப் பொருந்தாது. லாரி டிரைவருக்கு அடிக்கிற வெயில் பிக்கப் டிரைவருக்கு அடிக்காதா என்ன? அது போகட்டும். ஏ.சி. உள்ள மாடல் பார்த்து வாங்கியவர்கள், அது வேலை செய்யாமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் நம் பிரச்சினை.

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "கேஸ் இல்லீங்க, கேஸ் போட்டாச் சரியாப் போயிடும்." போடுவார்கள். நாலு நாள் சில்லென்று வரும், அல்லது அதுவும் வராது. மறுபடி கேஸ்.

நண்பர்களே, டீசல் தீரும். பிரேக் ஷூ தேயும். ஆனால் ஏ.சி. கேஸ் தீராது. அது எரிவதில்லை, செலவாவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது மட்டுமே அதன் வேலை. நல்ல நிலையில் இருக்கும் சிஸ்டத்தில் ஹோஸ் ரப்பர் வழியாகவும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் கசியலாம். போன மாதம் போட்ட கேஸ் இந்த மாதம் இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கேஸ் இருந்தும் குளிரவில்லை என்றால் கோளாறு வேறு. இரண்டுக்குமே கேஸ் மருந்தல்ல.

அப்பாவின் வண்டி

எங்கள் வண்டிக்கு ஒரே கோடையில் மூன்று தடவை கேஸ் போடப்பட்டது. இரண்டு வெவ்வேறு ஒர்க் ஷாப்கள். பெயர் வேண்டாம். தடவைக்கு 1,800 ரூபாய். "காத்து நல்லா வருது கண்ணு, சில்லுன்னுதான் வரமாட்டேங்குது" என்றார் அப்பா. காற்று வருகிறது என்றால் பிளோயர் ஓடுகிறது. பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. ஸ்விட்சைப் போட்டால் "டக்" என்று கம்ப்ரஸர் கிளட்ச் பிடித்தது. கேபினிலிருந்து கம்ப்ரஸருக்கு வரும் தடித்த அலுமினியப் பைப்பைத் தொட்டேன். ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி வியர்த்து, சில்லென்று இருந்தது. ஆனால் டேஷ்போர்டு வென்ட்டில் தெர்மாமீட்டரைச் செருகினால் 23 டிகிரி.

இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். தடித்த பைப் சில்லென்று இருந்தால் கூலிங் காயிலில், அதாவது எவாப்பரேட்டரில், குளிர் உண்டாகிக்கொண்டுதான் இருக்கிறது. உண்டான குளிர் டிரைவர் முகத்துக்கு வரும் வழியில் காணாமல் போகிறது. வழியில் என்ன இருக்கிறது? ஹீட்டர்!

டேஷ்போர்டின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பிளோயர் தள்ளும் காற்று முதலில் கூலிங் காயில் வழியாகப் போகிறது. அடுத்ததாக ஹீட்டர் கோர். இது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினின் 80, 90 டிகிரி சுடுதண்ணீர் இதற்குள் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஃப்ளாப். நீல நிறம் பக்கம் லீவரைத் தள்ளினால் ஃப்ளாப் ஹீட்டரை மூடிவிடும். குளிர் காற்று நேராக வெளியே வரும். சிவப்புப் பக்கம் தள்ளினால் காற்று ஹீட்டர் வழியாகப் போகும். சில வண்டிகளில் ஃப்ளாப்போடு, சுடுதண்ணீரையே நிறுத்தும் ஒரு வால்வும் உண்டு.

எங்கள் வண்டியில் லீவர் நீலத்தில்தான் இருந்தது. குனிந்து கால் பக்கம் எட்டிப் பார்த்தால், லீவரிலிருந்து வரும் கேபிளைப் பெட்டியோடு பிடித்திருக்கும் கிளிப் உடைந்து, கேபிள் சும்மா முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. ஃப்ளாப் ஊட்டிக் குளிருக்குத் திறந்த இடத்திலேயே பாதியில் நின்றிருந்தது. ஒரு பக்கம் ஏ.சி. குளிர்விக்க, மறு பக்கம் ஹீட்டர் சூடாக்க, இரண்டும் கபடி ஆடிக்கொண்டிருந்தன! கிளிப்பின் விலை 20 ரூபாய். மாட்டியபின் வென்ட்டில் 10 டிகிரி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. இன்ஜினிலிருந்து கேபின் சுவர் வழியாக உள்ளே போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களில் ஒன்றை, பல் இல்லாத தட்டை கிளாம்ப் போட்டு மெதுவாக அழுத்தி மூடுங்கள். ஐந்து நிமிடத்தில் வென்ட் காற்று சில்லென்று ஆகிவிட்டால் குற்றவாளி ஹீட்டர் பக்கம்தான். பிளையரால் நசுக்கினால் ஹோஸ் வெடிக்கும். பழைய ஹோஸ் என்றால் கிளாம்ப் போடுவதையும் தவிர்ப்பது நல்லது.

கதை இத்தோடு முடியவில்லை. கிளிப் மாட்டி நான்கு நாள் கழித்து, மண்டியில் ஐடிலில் நிற்கும்போது மட்டும் கம்ப்ரஸர் நின்று நின்று பிடித்தது. கேஜ் மாட்டிப் பார்த்தபோது, 1,500 ஆர்.பி.எம்.மிலேயே தாழ்ந்த பக்கம் 52, உயர்ந்த பக்கம் 310 பி.எஸ்.ஐ. ஐடிலில் இன்னும் ஏறியது. பானெட்டின் உள்பக்கம் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அப்பா அதை வாங்கிய நாளிலிருந்து பார்த்திருக்கிறார். இங்கிலீஷில் இருந்ததால் வாசித்ததில்லை, என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். ஆர்-134ஏ, 480 கிராம். கோயமுத்தூரில் கேஸ் திரும்ப எடுக்கும் மெஷின் வைத்திருக்கும் கடையில் உருவிப் பார்த்தால் உள்ளே 660 கிராம்! முதல் கோளாறு 20 ரூபாய் கிளிப். இரண்டாவது கோளாறு 5,400 ரூபாய் கொடுத்து வாங்கியது.

கேஜ் இல்லாமல் கண்டுபிடிப்பது

எனவே முதலில் காது, கை, கண். கேஜ் பிறகு.

டிரைவரிடம் "குளிரலையா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "ஓடும்போது குளிருதா, நிற்கும்போது குளிருதா? ஆரம்பத்திலேயே இல்லையா, ஒரு மணி நேரம் கழித்தா? காற்றே குறையுதா, காற்று வந்தும் குளிர் இல்லையா?" என்று பிரித்துக் கேட்க வேண்டும். அவர் நம்மைவிடப் பெரியவர், தினம் 12 மணி நேரம் அந்த சீட்டில் உட்காருபவர். அவர் சொல்வதில் பாதி விடை இருக்கும்.

ஓடும்போது குளிர்கிறது, நின்றால் இல்லை என்றால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்ஸரைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கிறது. நின்றால் ஃபேன்தான் கதி. எலக்ட்ரிக் ஃபேன் சுற்றுகிறதா, அதன் ரிலே, ஃபியூஸ் சரியா என்று பார்க்க வேண்டும். இன்ஜினோடு சுற்றும் விஸ்கஸ் ஃபேன் என்றால் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். எங்கள் பக்கத்து பிக்கப்களில் அதற்கும் முந்திய காரணம் ஒன்று உண்டு: கண்டென்ஸர் இடுக்கில் சேறு, சாக்கு நார், பூச்சி. பைப் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவினால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடிந்து, இருந்த வழியும் அடைபடும்.

காற்றே குறைவு என்றால் பிளோயர், ஃபில்டர், கூலிங் காயில் மூன்றையும் பார்க்க வேண்டும். பிளோயர் நாலாவது ஸ்பீடில் மட்டும் ஓடி, 1, 2, 3-இல் ஓடவில்லையா? மோட்டார் நல்ல மோட்டார். ரெசிஸ்டர் போய்விட்டது. குறைந்த ஸ்பீடுகளில் மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது, கடைசி ஸ்பீடில் அதைத் தாண்டி நேராகப் போகிறது. எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாரை மாற்றச் சொல்லி யாராவது பில் போட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு காற்று மெல்ல மெல்லக் குறைந்து, ஏ.சி.யை நிறுத்திப் பிளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டால் மறுபடி சரியாகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. காயில் உறையும் முன்பே கம்ப்ரஸரை நிறுத்த வேண்டிய தெர்மிஸ்டர் தன் வேலையைச் செய்யவில்லை, அல்லது அழுக்கால் காற்றோட்டம் போதவில்லை. இதற்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதேபோலத் தோன்றும் இன்னொன்று உண்டு: காற்று குறையாது, குளிர் மட்டும் போய்விடும், கொஞ்ச நேரம் நிறுத்தினால் திரும்ப வரும். அது சிஸ்டத்துக்குள் ஈரம் புகுந்து, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளையில் உறைந்து அடைப்பது. ஒன்றில் ஐஸ் காயிலின் வெளியே, மற்றதில் ஐஸ் குழாயின் உள்ளே. இந்த வித்தியாசத்தை வைவாவில் கேட்டால் தெரியும் எத்தனை பேர் விழிப்போம் என்று!

கிளட்ச் பிடிக்கவே இல்லையா? கிளட்ச் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வையுங்கள். ஏ.சி. போட்டதும் 12 வோல்ட் வந்தும் பிடிக்கவில்லை என்றால் காயில், எர்த், அல்லது தேய்ந்த கிளட்ச் இடைவெளி. காயிலின் ரெசிஸ்டன்ஸ் பொதுவாக 3, 4 ஓம் இருக்கும். இடைவெளி சுமார் அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தேய்ந்து அது அகலமானால், காலையில் பிடிக்கும், இன்ஜின் சூடானபின் பிடிக்காது. ஏனென்றால் சூட்டில் காயிலின் ரெசிஸ்டன்ஸ் கூடி, கரண்ட் குறைந்து, இழுக்கும் பலமும் குறைகிறது. வோல்ட்டே வரவில்லை என்றால் பின்னோக்கிப் போக வேண்டும்: ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச். ஒரே மாதிரி ரிலே என்றால் ஹாரன் ரிலேயைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

பிரஷர் ஸ்விட்சை ஒயர் போட்டு ஷார்ட் செய்து கம்ப்ரஸரை ஓட்டுவது பல இடங்களில் நடக்கிறது. செய்யாதீர்கள். அந்த ஸ்விட்ச், கேஸ் ஏறத்தாழ காலியானால் கம்ப்ரஸரை நிறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கம்ப்ரஸருக்குத் தேவையான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றி வருகிறது. கேஸ் இல்லை என்றால் ஆயிலும் திரும்பி வராது. ஒயர் போட்டு ஓட்டினால் 1,800 ரூபாயில் முடிய வேண்டியது கம்ப்ரஸர் விலையில் போய் நிற்கும்.

ஹீட்டரும் பனிமூட்டமும்

சமவெளியில் ஹீட்டர் இருப்பதே பலருக்கு நினைவில்லை. ஆனால் குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது கண்ணாடி உள்ளே வியர்த்து வெள்ளையாகிவிட்டால், பிரேக்கைவிட ஹீட்டர் முக்கியம்.

ஹீட்டர் சூடு தரவில்லை என்றால் அந்த இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள் (ஃபேன், பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாமல்!). லீவர் சிவப்பில் இருக்க, இரண்டும் நல்ல சூடு என்றால் தண்ணீர் சரியாக ஓடுகிறது; கோளாறு ஃப்ளாப்பில் அல்லது கேபிளில். ஒன்று சூடு, மற்றது சில்லென்று இருந்தால் கோர் அடைத்திருக்கிறது, அல்லது வால்வு திறக்கவில்லை. கூலன்ட் ஊற்றாமல் கிணற்றுத் தண்ணீரும் போர்வெல் தண்ணீரும் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் கோர் உப்புப் படிந்து அடைபடுவது சகஜம். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் இன்ஜினே சூடாகவில்லை, தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. அதற்கும் முன்னால் ரேடியேட்டரில் தண்ணீர் அளவு குறைந்து, ஹீட்டருக்குள் காற்று தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஆறியபின் மட்டும் மூடியைத் திறக்கவும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கே சூடான மூடியைத் திறந்தால் கீழே திறப்பதைவிடச் சீக்கிரம் பொங்கி முகத்தில் அடிக்கும்.

கோளாறே இல்லாமல் சூடு குறையும் நேரமும் உண்டு. ஊட்டியிலிருந்து செகண்ட் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை. அப்போது இன்றைய டீசல் இன்ஜினுக்குள் டீசல் போவதே இல்லை. எரியாத இன்ஜினில் சூடு எங்கிருந்து வரும்? இறக்கத்தில் ஹீட்டர் மந்தமாவது இயற்கை. ஏற்றத்திலும் மந்தமாக இருந்தால்தான் கோளாறு.

கண்ணாடியில் படியும் வியர்வைக்கு ஹீட்டர் மட்டும் போதாது. உள்ளே இருப்பவர்களின் மூச்சும், நனைந்த சாக்கும் விடும் ஈரம்தான் கண்ணாடியில் படிகிறது. ஏ.சி.யையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி லீவரை வையுங்கள். கூலிங் காயில் காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து கீழே சொட்டவிடும். ஹீட்டர் அந்தக் காய்ந்த காற்றைச் சூடாக்கும். காய்ந்த சூடான காற்று பட்டால் கண்ணாடி உடனே தெளியும். "குளிருக்குப் போய் யாராவது ஏ.சி. போடுவார்களா?" என்று அப்பா முதலில் சிரித்தார். இப்போது அவரே கிளீனருக்குச் சொல்லித் தருகிறார்.

கண்ணாடி உள்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பு, கேபினில் ஒரு தித்திப்பு வாடை, கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போவது, இம்மூன்றும் சேர்ந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய வேலை என்பதால், இரண்டு ஹோஸையும் வெளியிலேயே இணைத்து "ஹீட்டர் பைபாஸ்" செய்து அனுப்பிவிடுகிறார்கள். சமவெளியில் ஓடும் வண்டிக்குத் தற்காலிகமாகப் பரவாயில்லை. மலை ஏறும் வண்டிக்குக் கூடாது.

கேஜும் வாக்குவமும்

இத்தனையும் பார்த்த பிறகுதான் கேஜ். இன்ஜின் நிற்கும்போது இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும். ஆர்-134ஏ என்றால் 30 டிகிரி வெயிலில் சுமார் 97 பி.எஸ்.ஐ. இதைப் பார்த்து "கேஸ் ஃபுல்" என்று சொல்லிவிட முடியாது. உள்ளே திரவமாகக் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் அழுத்தம் அதேதான். வீட்டு சிலிண்டரில் அரை சிலிண்டரும் முழு சிலிண்டரும் அடுப்பில் ஒரே மாதிரி எரிகிறதல்லவா, அதைப்போல. கேஸ் கொஞ்சமாவது இருக்கிறதா, இல்லையா என்பதை மட்டுமே அந்த எண் சொல்லும்.

இன்ஜின் 1,500 ஆர்.பி.எம்.மில், நம் ஊர் வெயிலில், தாழ்ந்த பக்கம் 30 முதல் 40, உயர்ந்த பக்கம் 200 முதல் 250 இருந்தால் நலம். இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை, அல்லது எங்கள் வண்டி மாதிரி கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று கலந்திருக்கிறது. தாழ்ந்த பக்கம் அதிகம், உயர்ந்த பக்கம் குறைவு என்றால் கம்ப்ரஸர் தளர்ந்துவிட்டது. தாழ்ந்த பக்கம் பூஜ்யத்துக்கும் கீழே போனால் எங்கோ அடைப்பு.

கேஸ் குறைவு என்றால் ஓட்டையைத் தேட வேண்டும். கேஸோடு ஆயிலும் கசிவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் இருக்கும். பைப் இணைப்பு ஓ-ரிங், ஹோஸ் நசுக்கிப் பிடித்திருக்கும் இடம், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல், ஜல்லிக்கல் அடித்த கண்டென்ஸர் இவைதான் வழக்கமான இடங்கள். கேஜ் மாட்டும் வால்வின் மூடியைத் தொலைத்துவிட்டு ஓட்டும் வண்டிகள் ஏராளம். அந்த வால்வின் பின் கசிவதுகூடக் காரணமாகலாம். நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினால் குமிழ் காட்டிக் கொடுக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாட்டிச் சோதிப்பது தவறு. ஈரம் உள்ளே போகும். ஆர்-134ஏ அழுத்தக் காற்றோடு கலந்தால் தீப்பிடிக்கக்கூடிய நிலையும் வரலாம்.

ஓட்டையை அடைத்து, ரிசீவர் டிரையரை மாற்றி, வாக்குவம் பம்ப் போட வேண்டும். வாக்குவம் போடுவது காற்றை எடுக்க மட்டுமல்ல. அழுத்தம் போதுமான அளவு குறைந்தால் உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும். பிறகு வால்வை மூடி, முள் திரும்புகிறதா என்று இன்னொரு கால் மணி பார்க்க வேண்டும். பல இடங்களில் அவசரத்தில் விடுபடுவது இதுதான்.

புத்தகத்தில் 29 அங்குலம் வாக்குவம் என்று படிக்கிறோம். அது கடல் மட்டத்துக் கணக்கு. ஊட்டியில் எவ்வளவு நல்ல பம்ப் போட்டாலும் கேஜ் ஏறத்தாழ 23 அங்குலத்தைத் தாண்டாது. அங்கே வெளியிலுள்ள காற்றின் அழுத்தமே அவ்வளவுதான்! இது தெரியாமல் லீக் தேடியோ பம்ப்பைக் கழற்றியோ நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆயிரம் அடி உயரத்துக்கு ஓர் அங்குலம் கழித்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

அப்புறம்தான் கேஸ். அதுவும் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் அளவுக்கு. இன்ஜின் ஓடும்போது உயர்ந்த பக்க வால்வை ஒருபோதும் திறக்கக் கூடாது. அழுத்தம் கேனுக்குள் போய் கேன் வெடிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள். கண்ணில் தெறித்தால் கண் போகலாம். விலை குறைவு என்று சமையல் கேஸ் கலந்ததைப் போட்டால், டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு கசிவும் ஒரு தீப்பொறியும் போதும்.

பழைய கேஸை அப்படியே "புஸ்ஸ்" என்று திறந்துவிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பு கார்களில் இருந்த ஆர்-12, ஓசோன் படலத்தை அரித்ததால் 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியாக உலகெங்கும் ஒழிக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமிலவாயுவைப்போல் சுமார் 1,400 மடங்கு. எங்கள் வண்டியின் 480 கிராமை வெளியே விட்டால், ஏறக்குறைய 250 லிட்டர் டீசலை எரித்ததற்குச் சமம். நான் கணக்குப் போட்டுப் பார்த்து அசந்துவிட்டேன். 2016 கிகாலி திருத்தம் இவ்வகைக் கேஸ்களையும் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. இந்தியா அதை 2021-இல் ஏற்றுக்கொண்டது. திரும்ப எடுக்கும் மெஷின் நம் லேபுக்கும் ஒன்று வாங்கினால் நன்றாக இருக்கும் என்பதை நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஏ.சி. நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தபின் வரும் ஆபத்து ஒன்று இருக்கிறது. மண்டியில் லோடு இறங்கும் வரை கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது. சைலன்ஸரிலோ மேனிஃபோல்டு கேஸ்கட்டிலோ ஓட்டை இருந்தால், அல்லது ஷெட்டுக்குள் சுவரை ஒட்டி வண்டி நின்றால், கார்பன் மோனாக்ஸைடு கேபினுக்குள் வரும். அதற்கு வாடையில்லை, நிறமில்லை, தூங்குகிறவருக்கு விழிப்பும் வராது. உள்காற்றையே சுற்றவிடும் லீவரை மூடி வைத்தாலும் கதவு ரப்பர், கியர் லீவர் ஓட்டை வழியாக அது நுழையும். ஆகவே ஏ.சி. வேலைக்கு வரும் ஒவ்வொரு பிக்கப்பிலும் சைலன்ஸர் ஜாயின்டையும், தரையிலுள்ள ரப்பர் அடைப்பான்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, "தூங்குறப்ப இன்ஜினை நிறுத்திட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தூங்குங்க அண்ணா" என்று சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.